மூலமும் படியும்



கண்டியரசர் காலத்தில், இன்ன காணியை அனுபவிப்பவர் அரசுக்கு இன்ன ஊழியம் செய்யவேண்டும் என்னும் விவரங்கள் 'லேகம் மிட்டி' எனப்பட்ட ஏடுகளில் எழுதப்பட்டன. அத்தகைய ஏடொன்றை எழுத்தர் ஒருவரிடம் ஒப்படைப்பதாகக் கொள்வோம். மூல ஏட்டையே கொடுத்தால், அவர் செய்யும் திருத்தம் எல்லோரையும் கட்டுப்படுத்தும். படியெடுத்துக் கொடுத்தால், திருத்தம் படியோடு நின்றுவிடும். கொடுப்பது மூலமா, படியா? கணினிக்கு நிரல் எழுதுவோரும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இவ்வினாவையே எதிர்கொண்டு வருகின்றனர்.

நிரலுள் ஒரு குறித்த வேலையைச் செய்யும் பகுதியைச் சார்பு என்பர். 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்து ஜான் பாக்கசும் குழுவினரும் போர்ட்ரான் மொழியை வெளியிட்டனர். 1958இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் துணைநிரல்கள் இடம்பெற்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் மூலமே கொடுக்கப்பட்டது. பழைய தொகுப்பிகள் சிலவற்றில், 4 என்னும் எண்ணைப் பெற்ற துணைநிரல் அதனை 5 ஆக்கிவிட, அதன்பின் நிரலில் 4 வந்த இடமெல்லாம் 5 ஆன விந்தையும் நேர்ந்ததுண்டு. 1960இன் அல்கோல் மொழியோ, பெறுமானத்தின் படியை மட்டும் கொடுக்கும் வழியையும் வகுத்தது.

இன்று நம் உயர்தர வகுப்பு மாணவர் பயிலும் பைதன் மொழி 1991இல் வெளிவந்தது. அதில் எண்ணும் எழுத்துத்தொடரும் மாற்றவியலாதவை; சார்பினுள் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் புதிய எண் பிறக்குமேயன்றிப் பழையது மாறாது. பட்டியலும் அகராதியும் மாற்றத்தக்கவை. சார்பினுள் பட்டியலில் ஓர் உறுப்பைச் சேர்த்தால், வெளியேயும் அது சேர்ந்திருக்கக் காணலாம். ஆனால் அப்பெயரைச் சார்பினுள் புதிய பட்டியலொன்றுக்குச் சூட்டினால், வெளியிலுள்ள பட்டியலுக்கு ஊறில்லை. பெயர் மட்டுமே இடம் மாறியது.

கலைப்பட்டதாரியாகிய எனக்கு இதனை உணர்த்தியது ஒரு தவணைப் பரீட்சை. கண்டிப் பகுதியில் நான் பணியாற்றிய பாடசாலையொன்றில், மாணவியர் பெயர்கள் ஒரு பட்டியலிலும் புள்ளிகள் மற்றொன்றிலும் இருந்தன. இடைநிலைப் புள்ளியைக் காண எழுதிய சார்பு, புள்ளிகளை ஏறுவரிசையில் அடுக்கிற்று. இடைநிலை சரியாகவே வந்தது. ஆயின் அடுக்கப்பட்டது மூலப் பட்டியல். பெயர்களோ பழைய வரிசையிலேயே நின்றன. பதிவேட்டின் முதற் பெயருக்குரிய பிள்ளைக்கு வகுப்பின் மிகக் குறைந்த புள்ளி கிடைத்தது. அவள் கண்ணீரோடு வந்து வினவியபின்னரே விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தோம்.

திருத்தம் ஒரே சொல்லில் முடிந்தது: மூலத்தை அடுக்கும் கட்டளைக்குப் பதிலாக, அடுக்கிய புதிய பட்டியலைத் தரும் கட்டளையை இட்டோம். பிறர் பொருளைக் கையில் வாங்குபவர், அது மூலமா படியா என்று முதலிற் கேட்டறிதல் நன்று. மாற்றவேண்டின், உரியவர் அறிய மாற்றுக.