கபில நிற நாயின் வழக்கு

விலங்குகள் நோவையும் அச்சத்தையும் உணருமா என்னும் வினா தத்துவ நூல்களுக்கு மட்டும் உரியதன்று. 1903 நவம்பரில் இலண்டன் மாநகரில் நடைபெற்ற மானநட்ட வழக்கொன்றிலும் அது எழுந்தது. கபில நிற நாயொன்றைப் பற்றிய அவ்வழக்கில் வென்றவர் யார் என்பதிலும், அங்கு எவரும் கேளாதுவிட்ட கேள்வி யாது என்பதே நம் கவனத்துக்குரியது.

1902 டிசெம்பரில் உடற்றொழிலியற் பேராசிரியர் ஏர்ணஸ்ட் ஸ்டாலிங் அந்நாயின் வயிற்றைத் திறந்து சதையிக் கானைக் கட்டினார். அதன்பின் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நாய் கூட்டில் அடைபட்டுக் கிடந்தது. 1903 பெப்ரவரி 2 ஆந் திகதி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில், ஸ்டாலிங் அதனை மீண்டும் அறுத்து முன்னைய சோதனையின் விளைவைப் பார்த்தபின் வில்லியம் பேலிஸிடம் ஒப்படைத்தார். பேலிஸ் ஏறக்குறைய 60 மாணவர் முன்னிலையில் அதன் கழுத்தை அறுத்து, நரம்பை மின்னாற் தூண்டி, உமிழ்நீரின் அமுக்கம் குருதியமுக்கத்தைச் சாராதது எனக் காட்ட முயன்றார். அரைமணி நேரம் முயன்றும் பலிக்கவில்லை. பின்னர் நாய் கொல்லப்பட்டது.

இதனைக் கொடியோர் கதையாக எழுதிவிடல் எளிது. ஆனால் இவ்விருவருமே 1902 இல் செக்கிரீற்றினைக் கண்டறிந்து, ஓமோன்கள் பற்றிய அறிவுக்கு வழிகோலியவர்கள். நாயைக் கொன்ற மாணவர் ஹென்றி டேல் 1936 இல் நோபல் பரிசு பெற்றார். நல்லறிஞர் கையில் நிகழ்ந்தமையாலேயே இச்சம்பவம் ஆராயத்தக்கதாகின்றது.

மாணவரிடையே அமர்ந்திருந்த லிஸி லின்ட் அவ் ஹகெபி, லீசா ஷார்ட்டாவ் என்னும் சுவீடன் நாட்டுப் பெண்கள் இருவர் தாம் கண்டதைக் குறித்துவைத்தனர். நாய் துடித்தது, மயக்கமருந்தின் மணம் எழவில்லை, இவை அவர்களது கூற்று. நாய் நன்கு மயக்கப்பட்டிருந்தது, அசைவு தன்வயமற்ற வலிப்பே என்பது பேலிஸின் கூற்று. ஒரே அசைவை ஒரு சாரார் வேதனையாகவும் மறுசாரார் தசையின் இழுப்பாகவும் வாசித்தனர். அக்குறிப்புகளைக் கொண்டு ஸ்டீபன் கோல்றிட்ஜ் என்பார் பொதுக்கூட்டத்தில் பேச, பேலிஸ் அவர்மீது வழக்குத் தொடுத்தார். ஜூரிமார் பேலிஸின் பக்கம் நின்றனர். நட்டஈடு 2000 பவுண். அத்தொகையை அவர் கல்லூரியின் ஆராய்ச்சிக்கே வழங்கினார்.

இங்கு ஊன்றி நோக்கவேண்டியது எதிர்வாதத்தின் அத்திவாரமாகும். 17 ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் விலங்கை இயந்திரத்துக்கு ஒப்பிட்டார். இயந்திரத்தை எவரும் மயக்குவதில்லை. மயக்கமருந்து கொடுத்தோம் என்று சத்தியஞ் செய்தவர்கள், கொடாவிடின் நாய் வருந்தியிருக்கும் என்பதையும் உடன் ஒப்புக்கொண்டவராயினர். டார்வின் 1872 இல் மனிதரதும் விலங்குகளதும் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி நூல் எழுதியவர். அவரே உடற்றொழிலியற் சோதனை அவசியம் என 1875 இல் அரச ஆணைக்குழுமுன் கூறியவர். விலங்குக்கு உணர்வுண்டு என்பதில் அன்றே பெரிய பிணக்கு இருக்கவில்லை. எவ்வுணர்வு கணக்கிற் கொள்ளப்படும் என்பதே பிணக்கு.

1876 ஆம் ஆண்டுச் சட்டம் மேசைமீது நிகழும் நோவையே பெரிதும் கருதிற்று. ஒருமுறை சோதிக்கப்பட்ட விலங்கை மறுமுறை சோதிப்பதையும் அது தடுத்தது. ஸ்டாலிங் அவ்விதியை மீறியதை மன்றில் ஏற்றுக்கொண்டார். இன்னொரு நாயைப் பலியிடாதிருக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கினார். அவ்விளக்கத்தில் ஓரளவு நியாயமுண்டு. எனினும், வயிறு அறுபட்ட நாய் மயக்கமருந்து எதுவுமின்றிக் கூட்டில் விழித்திருந்த அவ்விரு மாதங்களைப் பற்றி வழக்கு மௌனம் சாதித்தது. அச்சமும் தனிமையும் அங்கு சாட்சிப்பொருள் ஆகவில்லை.

அம்மாதங்களைக் கணக்கிட்டது ஒரு கல்வெட்டு. 1906 செப்டெம்பரில் பற்றசீயிற் நிறுவப்பட்ட நாயின் சிலையில், வதை இரு மாதங்களுக்கு மேல் நீடித்ததாகப் பொறிக்கப்பட்டது. சினமுற்ற மருத்துவ மாணவர் 1907 டிசெம்பரில் இலண்டன் வீதிகளிற் கலகம் விளைத்தனர். பகலும் இரவும் சிலைக்குப் பொலிஸ் காவல் வேண்டியதாயிற்று; சிரிப்புக்கிடமான காட்சிதான். 1910 மார்ச்சில், விடியுமுன், நகரசபை அதனை அகற்றியது.

1985 இல் பற்றசீப் பூங்காவில் வேறொரு சிலை எழுந்தது. மறு ஆண்டு பிரித்தானியாவில் நிறைவேறிய புதிய சட்டம், நோவுடன் துன்பம், மனக்கலக்கம், நீடித்த தீங்கு என்பவற்றையும் பெயர்சொல்லிக் குறித்தது.