ராதிகா சரத்குமார்

ராதிகா சரத்குமார் தமிழ்த் திரைப்பட, தொலைக்காட்சி நடிகையும் தயாரிப்பாளரும் ஆவார். இவர் நடிகவேள் எம். ஆர். ராதாவின் மகள். 1978 இல் பாரதிராஜா இயக்கிய கிழக்கே போகும் ரயில் திரைப்படத்தில் அறிமுகமானார்.

தொலைக்காட்சித் தொடர்கள்

1999 திசம்பரில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய சித்தி தொடரில் சிவகுமாருடன் நடித்தார். மனைவியை இழந்தவரை மணந்து, அவருடைய மகளைத் தன் மகளாகவே வளர்க்கும் சாரதா என்பது இவரது பாத்திரம். மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று காட்டும் வழக்கத்திலிருந்து அது விலகி நின்றது. இத்தொடர் தெலுங்கில் பின்னி என்ற பெயரில் மொழிமாற்றப்பட்டது.

தொடர்ந்து அண்ணாமலை (2002-2005), செல்வி (2005-2006), அரசி (2007-2009), செல்லமே (2009-2013), வாணி ராணி (2013-2018) ஆகியவை வெளிவந்தன. இவற்றை இவரது ராடான் நிறுவனமே தயாரித்தது. திரைப்படங்களில் நடிகைகளுக்கு அம்மா வேடங்களே மிஞ்சும் ஐம்பது வயதில், வாணி ராணியில் இவர் இரட்டைச் சகோதரியராக இரு முதன்மை வேடங்களை ஏற்றது குறிப்பிடத்தக்கது. வேடம் தருபவரும் ஏற்பவரும் ஒருவராகவே இருந்ததால் இது இயன்றது எனலாம்.

2020 சனவரியில் தொடங்கிய சித்தி 2 தொடரிலிருந்து, அரசியல் பணிக்காக 2021 இல் விலகினார். நாயகி இல்லாமலேயே அத்தொடர் 2022 வரை ஒளிபரப்பானது.