போதலும் காலமும்

'கோயிங் டு' என்னுந் தொடரின்றி இன்று ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எழுதுதல் அரிது. இனி நிகழ்வதைச் சுட்டும் இத்தொடர், ஆதியில் காலால் நடந்து செல்வதையே குறித்தது. ஒருவன் நண்பனைக் காணச் செல்கின்றான் எனின், ஆங்கே நடையும் உண்டு, நோக்கமும் உண்டு. நோக்கம் நிறைவேறுவதோ நடை முடிந்த பின்னர். நாளடைவில் நடை தேய்ந்தது, காலம் எஞ்சியது.

1616ஆம் ஆண்டில் மறைந்த ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இத்தொடர் பெரும்பாலும் மெய்யான செலவையே உணர்த்துகின்றது. முப்பதாண்டு கழித்து, 1646இல், யோசுவா பூல் என்பார் தம் இலக்கண நூலில் இதனை எதிர்காலக் குறியாகப் பதிந்தார். பேச்சு முன்னே சென்றது. இலக்கணம் பின்னே வந்தது.

பின்னர் இத்தொடர் பேச்சிற் குறுகிக் 'கொன்னா' என்றாயிற்று. இலண்டனுக்குச் செல்கின்றேன் என்னும் பொருளில் அக்குறுக்கம் வாராது; எதிர்காலப் பொருளில் மட்டுமே வரும். சோம்பல் நாவின் பிழையென இதனைக் கடிவோர் உளர். ஆயினும், பிழையென்பது இத்துணை ஒழுங்குடன் இடமறிந்து வருமோ?

தமிழர்க்கும் இவ்வழி புதிதன்று. 'மழை பெய்யப் போகின்றது' என்பது நாள்தோறும் வழங்கும் வழக்கு. மழை எவ்விடத்துக்கும் நடந்து போவதில்லை. உறவில்லாத இரு மொழிகளும் ஒரே தடத்தில் நடந்து எதிர்காலத்தை எய்தியுள்ளன.