சாவா மூவாப் பேராடு: செஞ்சிக் களஞ்சியமும் நம் வீட்டுப் பெரியவர்களும்



செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? 2025 ஜூலையில் மராத்தியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டுக் கோட்டை அது ஒன்றுதான். போகிறவர்கள் கல்யாண மகாலைப் படம் எடுப்பார்கள், மூச்சு வாங்க ராஜகிரி ஏறுவார்கள், தேசிங்கு ராஜன் கதை கேட்பார்கள். நான் பிறந்து வளர்ந்தது அந்த ஊர். சிறுவயதில் அம்மா எங்களைக் கோட்டைக்கு அழைத்துப்போனால் முதலில் காட்டியது மலையடிவாரத்தில் இருக்கும் நெற்களஞ்சியத்தைத்தான். “நெல்லு எங்க கொட்டி வெச்சாங்கன்னு மொதல்ல பாருங்க. ராணி குளிச்ச எடத்த அப்புறம் பாக்கலாம்” என்பார்.

அந்த அம்மாவுக்கு இப்போது 81 வயது. அப்பா போனபின் செஞ்சியில் தனியாக இருந்தார். போன மார்கழியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. ஆனால் குளிக்க, உடுத்த, இரவில் எழுந்து போக ஒரு கை வேண்டும். அண்ணன் புனேயில், தங்கை துபாயில், நான் இங்கே மூன்றாவது மாடியில். நாங்கள் மூவரும் உடனே செய்தது, நல்ல ‘அசிஸ்டட் லிவிங்’ இல்லம் எங்கே என்று தேடியது. ஒரு மாதம் தேடினோம். படங்கள் பார்த்தோம், தோட்டத்தையும் கோயிலையும் ஒப்பிட்டோம். அம்மாவின் களஞ்சியப் பாடத்தை மூவருமே மறந்துவிட்டோம். இடத்தைப் பார்த்தோமே தவிர, படி எங்கிருந்து வரும், எத்தனை வருஷம் வரும் என்று பார்க்கவில்லை.

நம் வளாகத்திலும் பல வீடுகள் இந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கோட்டைக்கே வருவோம். 1690-ல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல்தான். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் தாங்கியதற்கு மலையும் மதிலும் மட்டும் காரணமல்ல. 1692 இறுதியில் மராத்தியக் குதிரைப்படை வெளியிலிருந்து வந்து வழிகளை அடைத்தபோது, முற்றுகையிட்டவர்களின் முகாமிலேயே தானியம் இல்லாமல் போனது. யார் பலசாலி என்பதைவிட யாரிடம் எத்தனை நாளைக்குத் தானியம் இருக்கிறது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. முதியோர் பராமரிப்பும் அப்படித்தான். எத்தனை ஆண்டு என்று தெரியாமலே அதற்குச் சேமித்தாக வேண்டும்.

நம் முன்னோர் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கோயிலில் அணையா விளக்கு எரிய ஒருவர் நெய்யைக் கொடுத்துவிட்டுப் போகமாட்டார். ஆடுகளைக் கொடுப்பார். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று பல கல்வெட்டுகள் சொல்கின்றன. அவற்றை மேய்ப்பவர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். கிழடானதும் செத்ததும் போக, குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கல்வெட்டு வைத்த பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு. நம் அசோசியேஷன் மொழியில் சொன்னால் கார்ப்பஸ் நிதி. முதலைத் தொடாமல் வருமானத்தில் செலவு நடக்கிறது.

காஞ்சிபுரம் பக்கம் பாலாற்றங்கரையில் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11-ஆம் நூற்றாண்டு. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, எப்படி நடக்க வேண்டும் என்று அதில் செதுக்கியிருக்கிறார்கள். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை கொண்டுவருபவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என எல்லோருக்கும் கணக்கு உண்டு. இரவு எரியும் விளக்கின் எண்ணெய் வரை எழுதிவிட்டார்கள். இன்று ஓர் இல்லத்துக்குப் போனால் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதாம். எத்தனை பேருக்கு எத்தனை உதவியாளர், இரவில் யார் விழித்திருப்பார், மருந்து யார் கொடுப்பார், இதற்கெல்லாம் தொகை எவ்வளவு?

ஏற்பாடு இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கும் செஞ்சி வட்டாரமே சாட்சி. 1780-ல் ஐதர் அலியின் படை கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியது. செஞ்சிக் கோட்டையும் அவர் வசமானது. வயல்கள் பாழாகி, ஊர் ஊராகச் சனங்கள் சென்னையை நோக்கிப் போனார்கள். பஞ்சம் வந்தது. 1782-ல் சென்னைக் கோட்டைக்கு வடக்கே கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் ‘மனேகர் சவுல்ட்ரி’ ஆனது. பஞ்சம் தீர்ந்தும் அதை மூட முடியவில்லை. போக இடமில்லாத முதியோருக்கு அது நிரந்தர இல்லமாகிவிட்டது. அங்கே 1799-ல் தொடங்கிய மருத்துவமனைதான் வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனையானது. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று வடசென்னைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அதன்பின் நெடுங்காலம் முதியோர் இல்லம் என்றாலே ஆதரவற்றோர் இடம் என்றுதான் பொருள். 1962-ல் அன்றைய சென்னை மாநில அரசு முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது, மாதம் 20 ரூபாய். 2023-ல் அது 1,200 ரூபாய் ஆனது. ஆதரவற்றவருக்கு அது பெரிய துணை. ஆனால் ஓர் இல்லத்தின் கட்டணத்துக்கு அது போதாது. 2004 சுனாமிக்குப் பின் ஹெல்ப்ஏஜ் இந்தியா கடலூர் மாவட்டத்தில் தாமரைக்குளம் என்ற முதியோர் கிராமத்தை உருவாக்கியது. அதுவும் ஆதரவற்றோருக்கானது. நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் பணம் கட்டிச் சேரும் இல்லங்கள் பெருகியது கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில்தான். கோயம்புத்தூர் அதில் முன்னால் நிற்கிறது.

சரி, பணம் எங்கிருந்து வரும்?

மருத்துவக் காப்பீட்டை நம்பாதீர்கள். 70 வயது கடந்த எல்லோருக்கும் 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் விரிவானது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் அது மருத்துவமனையில் சேரும் செலவுக்கு. குளிப்பாட்ட, ஊட்ட, துணைக்கு இருக்க ஆகும் மாதச் செலவை அது ஏற்காது.

அஞ்சலகத்திலும் வங்கியிலும் இருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். 8.2 விழுக்காடு வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய், மாதக் கணக்கில் 20,500. சேரும் நாளின் வட்டி 5 ஆண்டுக்கு மாறாது. வட்டிக்கு வரி உண்டு. இது ஓரளவு சாவா மூவாப் பேராடுதான். ஓரளவு என்று சொல்லக் காரணம், கட்டணம் ஏறும், வட்டி ஏறாது. இன்று மாதம் 40,000 ரூபாய் கேட்கும் இல்லம் ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்த்தினால், ஒன்பது ஆண்டில் 80,000 ஆகிவிடும். 75 வயதில் சேர்பவருக்கு 84 என்பது தொலைவில் இல்லை.

வீட்டை அடமானம் வைத்து வங்கியிடம் மாதாமாதம் பணம் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் பற்றிச் சிலர் கேட்டீர்கள். 60 வயது கடந்தவர் பெறலாம். ஆனால் அவர் அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும். தொடர்ந்து ஓராண்டு அங்கே வசிக்காவிட்டால் நிரந்தரமாகப் போய்விட்டதாகக் கொண்டு கடனைத் திருப்பிக் கேட்கலாம். வீட்டில் ஆள் வைத்துக்கொள்ள இது உதவும். இல்லத்துக்குப் போகிறவருக்கு உதவாது.

பிள்ளைகள் தராவிட்டால்? 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோர் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க உத்தரவிட முடியும். அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. தானப் பத்திரம் எழுதும் பெரியவர்கள், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். வாய்ச்சொல் பின்னால் வழக்காகும்.

படி முடிவான பிறகு இடம். 2023 பிப்ரவரியில் எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே, பதிவு பெறாத ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டார்கள். அங்கே சேர்த்த முதியவரைக் காணோம் என்று நீதிமன்றம் போனதில் வெளிவந்த விஷயம் அது. ஆகவே பதிவுச் சான்றைக் கேளுங்கள். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். முதியோர் உதவி எண் 14567-லும் கேட்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தடவை இரவு உணவு நேரத்தில் போய்ப் பாருங்கள். முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். டயப்பர், பிசியோதெரபி, தனி உதவியாளர் ஆகியவை கட்டணத்தில் சேருமா? நினைவு தப்பினாலோ படுத்த படுக்கையானாலோ வைத்துக்கொள்வார்களா, அழைத்துப்போகச் சொல்வார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தை நாங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

எங்கள் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். மூவரும் செஞ்சியில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கணக்கு எழுதினோம். அப்பாவின் குடும்ப ஓய்வூதியம், அம்மாவின் வைப்புத்தொகை, நாங்கள் மூவரும் மாதந்தோறும் போடும் பங்கு. அம்மாவிடம் நோட்டைக் காட்டியபோது, “இத்தினி நாளா எங்கிட்ட யாரும் கேக்கலியே” என்றார். அதுதான் எங்களுக்கு உறைத்தது. எல்லாவற்றையும் தேடினோம், அவரைக் கேட்கவில்லை.

இப்போதைக்கு அம்மா செஞ்சி வீட்டிலேயே இருக்கிறார். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் துணை. குளியலறையில் கைப்பிடி போட்டாயிற்று. அவரே நேரில் பார்த்துச் சம்மதித்த ஓர் இல்லத்தில், தேவைப்படும்போது சேரப் பெயர் கொடுத்திருக்கிறோம். அதற்கான தொகை தனியாக இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு யோசனை வைக்க விரும்புகிறேன். நம் வளாகத்தில் 70 கடந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நேரில் பார்த்த இல்லங்கள், நம்பிக்கையான வீட்டு உதவியாளர்கள் பற்றி நாமே ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். அவருக்கு எங்கே இருக்க விருப்பம் என்பதை முதல் வரியாக எழுதுங்கள். கணக்கு அதற்குக் கீழே வரட்டும்.