ஞானப்பூ என்றொரு பெயர்



சில வாரங்களுக்கு முன் ஓர் இளம் தம்பதியர், பிறந்து நாற்பது நாளான பெண் குழந்தையோடு பங்கு அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். குழந்தையின் பாட்டியும் உடன் வந்திருந்தார். திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து, "என்ன பெயர் எழுத வேண்டும்?" என்று கேட்டோம். "ஞானப்பூ" என்றார் குழந்தையின் தாய். உடனே பாட்டி, "வேண்டாம் சாமி, எழுதாதீங்க" என்றார்.

பெரியவர்கள் பழைய பெயரைக் கேட்பதும், இளையவர்கள் புதிய பெயரைக் கேட்பதும் நமக்குப் பழக்கம். இங்கே அது தலைகீழாக இருந்தது. ஞானப்பூ என்பது அந்தப் பாட்டியைப் பெற்ற தாயின் பெயர். சென்ற ஆண்டுதான் இறந்தார். அவர் மடியில் வளர்ந்த பேரன், பாட்டியின் பெயர் வீட்டில் தொடர வேண்டும் என்று விரும்பினான். மருமகளும் அதையே விரும்பினாள். ஆனால் மகளோ கண்கலங்கிச் சொன்னார்: "ஆஸ்பத்திரி வரிசையில அம்மா பேரைக் கூப்பிட்டா எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாங்க சாமி. அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போவாங்க. அந்த வேதனை என் பேத்திக்கு வேண்டாம்."

இரு தரப்பாரும் அன்பினால்தான் பேசினார்கள். எனவே பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பெயரின் கதையை அவர்களுக்குச் சொன்னோம். அதையே இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

நம் முன்னோருக்குத் திருமுழுக்குப் பெயர் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரைக் கையால் எழுதிக் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் குறிப்பிடுகிறார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்கு அளித்த நாள்கள் அவை. அத்தனை நெருக்கடியிலும் யாரையும் எண்ணிக்கையில் ஒருவராக அவர் விட்டுவிடவில்லை. எழுதப்பட்ட பெயர் ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருந்தது.

கடற்கரையில் போர்த்துக்கீசியப் பெயர்கள் பரவின. உள்நாட்டில் மதுரை மறைப்பணித்தளத்தின் இயேசு சபைத் தந்தையர் வேறு வழியில் சென்றார்கள். புனிதர்களின் பெயர்களைப் பொருள் அறிந்து தமிழாக்கினார்கள். இலத்தீனில் பவுல் என்றால் சிறியவர். அவர் சின்னப்பர் ஆனார். கிரேக்கத்தில் ஸ்தேவான் என்றால் முடி. அவர் முடியப்பர் ஆனார். எபிரேயத்தில் யோவான் என்றால் ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்று பொருள். அவர் அருளப்பர் ஆனார். தந்தையர்கள் தங்கள் பெயர்களையும் மாற்றிக்கொண்டார்கள். 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய ஜான் தெ பிரிட்டோ நமக்கு அருளானந்தர். கான்ஸ்டன்டைன் பெஸ்கி நமக்கு வீரமாமுனிவர்.

இந்த வழியில்தான் ஞானப்பூ என்ற பெயரும் வந்தது. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலராக இருந்தார். குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் மன்னரின் படைத்தலைவரான தெ லன்னாய் வழியாக இயேசுவை அறிந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைத் தந்தை புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். மக்கள் அந்தத் தந்தையைப் பரஞ்சோதிநாதர் என்று அழைத்தார்கள். லாசர் என்ற பெயருக்குக் கடவுளின் துணை என்பது பொருள். எனவே நீலகண்டன் தேவசகாயம் ஆனார். அவர் மனைவி பார்கவியும் பின்னர் அதே வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவருக்குக் கிடைத்த பெயர் தெரேசா. அதற்கு அன்று வழங்கிய தமிழ் வடிவம்தான் ஞானப்பூ.

அது அவிலா நகரத் தெரேசாவின் பெயர். நாம் சிறுமலர் என்று அழைக்கும் குழந்தை தெரேசா பிறந்ததோ 1873-இல். அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, தெரேசா என்ற பெயர் நம் மண்ணில் ஒரு பூவாக இருந்திருக்கிறது!

அந்தப் பெயருக்கு ஞானப்பூ அம்மாள் கொடுத்த விலை சிறியதன்று. கணவர் 1749-இல் சிறைபிடிக்கப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சொந்த ஊரும் உறவும் இல்லாமல் போன அம்மையார் வடக்கன்குளத்திலேயே தம் எஞ்சிய நாள்களைக் கழித்தார். பார்கவி என்ற பெயருக்குத் திரும்பியிருந்தால் ஒருவேளை வாழ்வு எளிதாகியிருக்கும். அவர் திரும்பவில்லை.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், தேவசகாயத்தைப் புனிதராக உயர்த்தினார். அப்போது பிள்ளை என்ற சாதிப் பெயர் இல்லாமல், திருமுழுக்குப் பெயரால் மட்டுமே அவர் அறிவிக்கப்பட்டார். திருமுழுக்குப் பெயருக்குச் சாதி வால் கிடையாது. ஆனால் பெயரை மாற்றிய நாம் மனத்தை மாற்றினோமா? அதே வடக்கன்குளத்து ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. இதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

பெண்களின் பெயர்களில் நம் வரலாறு அடுக்கடுக்காக இருக்கிறது. சவேரியம்மாள், சூசையம்மாள், அந்தோணியம்மாள், அருளம்மாள் என்பவை புனிதர்களின் பெயர்கள். ஆரோக்கியம் என்றால் வேளாங்கண்ணி. அடைக்கலம் என்றால் ஏலாக்குறிச்சி. பனிமயம் என்றால் தூத்துக்குடி. லூர்து நகர்க் காட்சி 1858-இல். அதன் பிறகே லூர்தம்மாள்கள் பிறந்தார்கள். பாத்திமா காட்சி 1917-இல். அதன் பிறகே பாத்திமா மேரிகள். அந்தப் பெயர்களுக்காக யாரும் அன்று வெட்கப்படவில்லை. கடற்கரை மண்ணின் மகள் லூர்தம்மாள் சைமன் 1957-இல் காமராசர் அமைச்சரவையில் அமர்ந்தபோது, அந்தப் பெயரோடுதான் அமர்ந்தார்.

பிறகு காலம் மாறியது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் சின்னப்பர் பவுல் ஆனார், அருளப்பர் யோவான் ஆனார். பிற சபையாரோடு ஒரே விவிலியம் வாசிக்கக் கிடைத்தது பெரிய வரம்தான். ஆனால் பழைய பெயர்கள் வாசகத்தில் ஒலிக்காமல் போனதால், அவற்றின் பொருளும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போயிற்று. பொருள் தெரியாத பெயரைப் பார்த்துத்தான் சிரிக்கத் தோன்றும்.

அப்படியானால் பழைய பெயர்தான் வைக்க வேண்டுமா? திருஅவை அப்படிச் சட்டம் போடவில்லை. 1917-ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பு, பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் தராவிட்டால், பங்குத்தந்தை புனிதர் ஒருவரின் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. 1983-ஆம் ஆண்டின் தொகுப்போ, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம் என்று மட்டுமே சொல்கிறது. லூக்கா நற்செய்தியிலும் பாருங்கள். உறவினர்கள் குழந்தைக்குத் தந்தையின் பெயரை வைக்க விரும்பினார்கள். எலிசபெத்து அம்மாள் மறுத்து, உறவில் எவருக்கும் இல்லாத யோவான் என்ற பெயரைச் சொன்னார். பழையது என்பதால் ஒரு பெயர் புனிதமாவதில்லை. புதியது என்பதால் தவறாவதுமில்லை. அந்தப் பெயர் குழந்தைக்கு எதைச் சொல்லித் தரும், யாரை நினைவூட்டும் என்பதே கேள்வி.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கம்மா பேரு தெரேசாவா சாமி? கடைசி வரைக்கும் அவங்களுக்கே தெரியாதே!" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் பெயரைக் கேட்டோம். மருமகள் வாய் திறக்கும் முன் பாட்டியே உரக்கச் சொன்னார்: "தெரேசா ஞானப்பூ." பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று தாமே ஏற்பாடு செய்துவிட்டார்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பெயர் இருக்கும். வைக்கிறீர்களோ இல்லையோ, முதலில் அதன் பொருளைப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியவில்லையானால், பங்கு அலுவலகத்துக்கு அவர்களையும் அழைத்து வாருங்கள். பதிவேட்டைச் சேர்ந்து புரட்டிப் பார்ப்போம். நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவர், நம் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.