தாங்கி வந்த தூரம்

பெரும்போக அறுவடை நாட்களில் காரைதீவுச் சந்தியால் திரும்பி மாவடிப்பள்ளி, சம்மாந்துறைப் பக்கம் போகிறவர்கள் வயல் வரம்போரம் நிற்கும் சின்ன லொறியைக் கண்டிருப்பார்கள். பின்தட்டில் ஓர் இரும்புத் தாங்கி, அதன் தோளில் ஒரு டூல்ஸ் பெட்டி, பக்கத்தில் கைப்பம்பும் சுருட்டி வைத்த ஹோஸும். வட்டைக்குள் சேற்றில் நிற்கும் அறுவடை மெசின் டீசல் தேடிப் பெற்றோல் செட்டுக்கு வராது. டீசல்தான் அதைத் தேடிப் போக வேண்டும். பெல்ட் அறுந்தாலும் போல்ட் கழன்றாலும் மெசின் அதே சேற்றில்தான் நிற்கும் என்பதால் ஸ்பேனரும் கூடவே போகிறது.

அந்தப் பொருளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களே பெரும் பயணிகள். குஜராத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு வழங்கிய ஒரு சொல், போர்த்துக்கேயரின் ‘டாங்கே’ என்ற சொல்லோடு கலந்து ஆங்கிலத்துக்குள் போய் ‘டாங்க்’ ஆனது என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். இலங்கை ஆங்கிலத்தில் இன்றைக்கும் குளத்துக்குப் பெயர் டாங்க்தான். நாம் அதைத் ‘தாங்கி’ என்றோம். பாரத்தைத் தாங்குவது தாங்கி என்று அது நம் வினைச்சொல்லோடு பொருந்திப்போனதில், வந்த சொல் என்ற சந்தேகமே யாருக்கும் எழவில்லை. பெரிய தாங்கி லொறியைப் ‘பவுசர்’ என்கிறோம். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அவரிடம் போகுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வண்டிப் பாதை இல்லாத காலத்தில் இந்தக் கரையோரத்து முஸ்லிம் வியாபாரிகள் தவளம் நடத்தினார்கள். பொதிமாடுகளின் வரிசைக்கு அதுதான் பெயர். உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கு ஏறின, பாக்கு கீழே இறங்கியது. மாட்டின் முதுகில் இரண்டு பக்கமும் தொங்கும் பொதிகள் ஒரே பாரமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் பொதி சரியும், மாட்டின் தோல் உரியும். பாரத்தைப் பங்கிடும் இந்தப் பாடம் நம் மூதாதையருக்கு மாட்டின் முதுகிலேயே படிந்திருந்தது.

18ஆம் நூற்றாண்டில், பூமியின் மறுபக்கம் பென்சில்வேனியாவில் கொனெஸ்டோகா என்ற பெரிய குதிரை வண்டிகள் ஓடின. அவற்றின் பக்கப் பலகையில் ஒரு கருவிப் பெட்டி, பின் அச்சில் சக்கரத்துக்குப் பூசும் தார் நிறைந்த ஒரு வாளி. எண்ணெய்ப் பசையும் கருவியும் ஒரே வண்டியில் ஒன்றாய்ப் பயணம் போவது அன்றைக்கே வழக்கமாகிவிட்டது. நூறு வருடம் கழித்து அதே பென்சில்வேனியாவில்தான் மண்ணுக்குள்ளிருந்து எண்ணெய் கிடைத்தது என்பது எனக்குப் பிடித்த பொருத்தம்.

1859 ஓகஸ்டில் டைட்டஸ்வில் என்ற ஊரில் எட்வின் டிரேக் துளைத்த கிணற்றில் எண்ணெய் கண்டபோது, அதைப் பிடித்து வைக்கப் பாத்திரம் இல்லை. விஸ்கி அடைத்த மரப் பீப்பாய்களையே எடுத்தார்கள். 42 கலன் கொண்ட பீப்பாய் அங்கே அளவாக நிலைத்தது. உலகச் சந்தையில் மசகு எண்ணெய் விலையை இன்றைக்கும் பீப்பாய்க் கணக்கில் சொல்வதற்கு அதுதான் காரணம். பீப்பாயோ ஒழுகியது. வெயிலில் பலகை சுருங்கியது, சேற்றுப் பாதையில் வளையம் தளர்ந்தது. 1865ல் ஜேம்ஸ் டென்ஸ்மோர், ஏமஸ் டென்ஸ்மோர் என்ற சகோதரர்கள் தட்டையான ரயில் பெட்டியொன்றின் மேல் இரண்டு பெரிய மரத்தொட்டிகளை நிமிர்த்தி வைத்து எண்ணெய் அனுப்பினார்கள். ஓடும் வண்டியில் தாங்கியை நிரந்தரமாகப் பொருத்திய வேலை அங்கே தொடங்கியது. நிமிர்ந்த தொட்டிக்குத் தலைக்கனம் அதிகம், வளைவில் ஆடும். சில வருடங்களிலேயே இரும்புத் தகட்டில் செய்த உருளையைப் படுக்கவைக்கும் முறை வந்துவிட்டது. இன்றைக்கு வீதியில் போகும் பவுசரின் உடம்பு அந்தப் படுத்த உருளைதான். இதே ஜேம்ஸ் டென்ஸ்மோர்தான் பிறகு ஷோல்ஸ் என்பவரின் தட்டச்சு இயந்திரத்துக்குப் பணம் போட்டு அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர். உங்கள் கைபேசியின் ஆங்கில எழுத்து வரிசை அந்த இயந்திரத்திலிருந்து வந்தது.

இப்போது பவுசரிடம் வருவோம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் போர்ட் வெய்ன் என்றோர் ஊர். அங்கே ஜேக் கம்பர் என்பவரின் பலசரக்குக் கடையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் பட்டர்ப் பீப்பாயும் அருகருகே இருந்தன. எண்ணெய் கசிந்து பட்டரில் கலந்ததால் வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். 1885 செப்டம்பர் 5 அன்று சில்வானஸ் பவுசர் அந்தக் கடைக்கு ஒரு பம்பு விற்றார். ஒரு பீப்பாய் கொள்ளும் தொட்டி, மரத்தண்டு, சலவைக்கல் குண்டுகள் வைத்த வால்வு, அவ்வளவுதான். கார்ல் பென்ஸின் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்கப்பட்டது 1886 ஜனவரியில். காருக்கு எண்ணெய் ஊற்றும் பம்பின் பாட்டன், காருக்கு முன்பே ஒரு கடைக்காரரின் பட்டரைக் காப்பாற்றப் பிறந்துவிட்டான். பவுசரின் பெயர் அவுஸ்திரேலியாவில் பெற்றோல் பம்புக்கு நிலைத்தது. பிரித்தானிய விமானப்படையிலோ விமானத்துக்கு எரிபொருள் கொண்டுபோகும் லொறிக்கு அந்தப் பெயர் ஒட்டியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்தப் படையின் விமானங்கள் திருகோணமலைச் சீனக்குடாவிலும் காலிக்கு அருகே கொக்கலவிலும் நின்றன. போர் முடிந்து விமானங்கள் போன பிறகும் சொல் நம்மிடம் தங்கிவிட்டது. இப்போது வரட்சியில் குடிதண்ணீர் கொண்டுவரும் வண்டியும் பவுசர்தான்.

பவுசர் பம்பு விற்ற நாலாம் வருடம், 1889 டிசம்பரில், ஓர் இளம் பெண் கொழும்பில் கப்பலுக்காக ஐந்து நாட்கள் பொறுமையில்லாமல் காத்திருந்தார். பெயர் நெல்லி பிளை. நியூயோர்க் பத்திரிகை நிருபர், 80 நாட்களுக்குள் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டவர். துறைமுகத்துக்கு முன்னாலிருந்த கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில் தங்கியிருந்தார். கடைசியில் 72 நாட்களில் சுற்றி முடித்துப் புகழ்பெற்றார். பிறகு ஒரு தொழிலதிபரை மணந்து, அவர் காலமான பின் புரூக்ளினில் இரும்புப் பாத்திரத் தொழிற்சாலையை நடத்தினார். அந்தத் தொழிற்சாலையின் ஊழியர் ஹென்றி வேர்ஹான், இரண்டு வளையங்கள் புடைத்த இரும்புப் பீப்பாய்க்கு 1905ல் காப்புரிமை பெற்றார். வாசலோரம் தண்ணீர் பிடித்து வைக்கவும், வீடு கட்டும் இடத்தில் சாரம் போடவும் நாம் உருட்டிக்கொண்டு போகும் ‘பெரல்’ அந்த வம்சம். உருட்டினாலும் உடம்பு நசுங்காதபடி அந்த இரண்டு வளையங்கள் காக்கின்றன. அந்த ஐந்து நாட்களில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய பொருட்களை நெல்லியும் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

1892ல் மார்க்கஸ் சாமுவேல் என்ற இலண்டன் வியாபாரி, ரஷ்ய மண்ணெண்ணெயைக் கப்பலின் வயிற்றிலேயே நிரப்பி மியூரெக்ஸ் என்ற கப்பலில் சுயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே அனுப்பினார். அவருடைய தகப்பன் கடற்சிப்பி ஒட்டிய பெட்டிகள் விற்றவர். கம்பெனிக்கு ஷெல் என்ற பெயர் வந்தது அதனால்தான், கப்பலுக்கு முட்சங்கின் பெயர் வந்ததும் அதனால்தான். தகரத்தில் அடைக்காமல் மொத்தமாகக் கொண்டுவந்தால் மலிவாக விற்கலாம், மக்கள் பாத்திரம் கொண்டுவந்து வாங்குவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்குப் பிழைத்தது. ஆசிய மக்களுக்கு எண்ணெய் போலவே தகரமும் தேவைப்பட்டது. போட்டிக் கம்பெனியான ஸ்டாண்டர்ட் ஒயிலின் நீலத் தகரத்தை வெட்டிக் கூரை வேய்ந்தார்கள், விளக்குச் செய்தார்கள், வாளி செய்தார்கள். வேறு வழியில்லாமல் சாமுவேல் தகடு அனுப்பி, ஆசியாவிலேயே தகரங்கள் செய்வித்து, சிவப்புச் சாயம் பூசி விற்றார். பாத்திரம் பொருளை விற்றுத் தந்த கதை இது. உலோகத்துக்கும் அதில் செய்த எண்ணெய்ப் பாத்திரத்துக்கும் கூரைக்கும் நாம் ‘தகரம்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோமே, அதற்குள் இந்தச் சரித்திரம் இருக்கிறது.

அந்த மெல்லிய தகரத்தின் தம்பி ஒருவன் போருக்குப் போனான். பிரித்தானியப் படை வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் நாலு கலன் தகரங்களில் பெற்றோல் சுமந்தது. அவை ஒழுகியதில் பெரும்பங்கு மணலுக்கே போனது. ஜேர்மனியரிடம் வேறொரு பாத்திரம் இருந்தது. முல்லர் கம்பெனியின் கிரன்ஃபோகல் என்ற பொறியியலாளர் 1937ல் வடிவமைத்த 20 லீட்டர்க் கேன் அது. இரண்டு தகடுகளைப் பள்ளத்துக்குள் ஒட்டியதால் அடிபட்டாலும் மூட்டு பிளக்காது. பக்கத்தில் குறுக்காகப் பதித்த கோடுகள் தகட்டை விறைப்பாக்கி, எண்ணெய் சூட்டில் விரியவும் இடம் கொடுக்கும். மேலே மூன்று கைப்பிடி. நடுப்பிடியில் ஒருவர் தூக்கலாம், ஓரப் பிடிகளில் இருவர் தூக்கலாம், வெறுங்கேன்களை ஒரு கையில் இரண்டாகவும் கொண்டுபோகலாம்.

அதன் இரகசியம் வெளியேறியது நம் பக்கத்து நாட்டை நோக்கிய ஒரு கார்ப் பயணத்தில். போல் பிளைஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1939ல் ஒரு ஜேர்மன் நண்பரோடு பேர்லினிலிருந்து கல்கத்தாவுக்குக் காரில் புறப்பட்டார். வழிக்குத் தண்ணீர் வைக்கப் பாத்திரம் வேண்டுமே என்று நண்பர் விமான நிலையக் களஞ்சியத்திலிருந்து மூன்று கேன்களை எடுத்துவந்தார். பாதி வழியில் நண்பரை ஜேர்மனி திரும்ப அழைத்துக்கொண்டது. போகுமுன் கேனின் விபரங்களை அவர் சொல்லிக்கொடுத்துவிட்டார். பிளைஸ் கல்கத்தா சேர்ந்து, அங்கிருந்து அமெரிக்கா போய், படை அதிகாரிகளிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அமெரிக்கர் பிரதி எடுத்தார்கள், ஆனால் மாற்றி எடுத்தார்கள். ஒட்டிய மூட்டை மடித்த மூட்டாக்கினார்கள், அது கசிந்தது. நெம்பித் திறக்கும் மூடியைத் திருகு மூடியாக்கினார்கள், அதைத் திறக்க ஸ்பேனர் வேண்டும், ஊற்றப் புனல் வேண்டும். கேன் போகுமிடமெல்லாம் டூல்ஸும் போக வேண்டியதாயிற்று. பிரித்தானியர் மூலத்தை அப்படியே பிரதி செய்தார்கள், அது ஒழுகவில்லை.

போர் முடிந்து நாலாம் வருடம் அந்த உலகம் நம் வாசலுக்கே வந்தது. 1949ல் கல்லோயாவை மறித்து இங்கினியாகலையில் அணை கட்டும் வேலை தொடங்கியது. எடுத்து நடத்தியது மொரிசன் நட்சன், அமெரிக்காவின் ஹூவர் அணையைக் கட்டிய ஆறு கம்பெனிக் கூட்டில் ஒன்று. காட்டுக்குள் புல்டோசர்களும் மண் அள்ளும் இயந்திரங்களும் இரவுபகலாக ஓடின. அந்த இயந்திரங்கள் நிற்கும் இடத்துக்கே எண்ணெயும் கிரீஸும் போய்ச்சேர வேண்டியிருந்தது. அவை கட்டிய பெரிய ‘டாங்க்’தான் சேனாநாயக்க சமுத்திரம். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களுக்குப் பாயும் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. அந்தத் தண்ணீரில் வயல் பெருகியது, வயலோடு டிராக்டர் பெருகியது, ரே விஜேவர்தன உருவாக்கிய லேண்ட்மாஸ்டர் இருசில் உழவு இயந்திரத்துக்கெல்லாம் பொதுப்பெயரானது. 1961ல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. எல்லா இயந்திரங்களும் நாவை நீட்டிக்கொண்டு எண்ணெய்க்குக் காத்திருந்தன.

அந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடியது என்பதை 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் இந்தக் கரை முழுவதும் கண்டது. கேனுக்கும் பெரலுக்கும் ஊற்றத் தடை வந்தது. வாகன இலக்கத்துக்குக் கியூஆர் அட்டை வந்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, கரைவலையை விட்டு இயந்திரப் படகுக்கு மாறியிருந்த மீனவர்களின் வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. வயலில் நிற்கும் மெசினுக்கு வாகன இலக்கமும் இல்லை, வரிசையில் நிற்கக் காலும் இல்லை.

அந்த மெசினைத் தேடிப் போகும் சின்ன லொறிக்கான தாங்கி வேலையை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒட்டுகிறவர் முதலில் கணக்குத்தான் போட்டார். டீசல் லீட்டருக்கு ஏறக்குறைய 840 கிராம். 400 லீட்டர் என்றால் 336 கிலோ, தகடும் பம்பும் டூல்ஸும் தனி. அந்தப் பாரம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். அதற்காகத்தான் தாங்கியை எல் எழுத்துப் போல வளைக்கிறார்கள். நெடுங்கால் கெபினை ஒட்டி நிற்கும், குறுங்கால் தட்டில் படுத்திருக்கும், அந்த மடியில் பெட்டி உட்காரும். உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள் இல்லாவிட்டால், பிரேக் பிடிக்கும்போது பாதி நிறைந்த டீசல் ஓர் அலையாக ஓடிவந்து முன்சுவரை மோதும். கல்வனைஸ் தகடு கூடாது, நாகம் டீசலோடு சேர்ந்து பில்டரை அடைக்கும். பழைய தாங்கியில் நெருப்பு வைப்பதென்றால் முதலில் கழுவித் தண்ணீர் நிரப்ப வேண்டும், உள்ளே மிஞ்சிய ஆவி ஆளையே கொன்றுவிடும். பெற்றோலுக்கு இந்தத் தாங்கியைக் கேட்கவே கூடாது. டீசல் தீப்பற்ற நல்ல சூடு வேண்டும், பெற்றோலின் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

லொறிக்காரர் செலவைப் பார்த்தார். பெட்டியை நேரே தாங்கியின் மேல் ஒட்டிவிடலாமே என்றார்.

“இல்ல காக்கா. தாங்கி எண்ணெயத்தான் தாங்கும். பெட்டிக்குத் தனியாக் கால் குடுத்துத் தட்டுல இறக்குவம். பள்ளத்துல விழுந்தெழும்பக்குள்ள பெட்டி குத்துற குத்து மூட்டுலதான் விழும்.”

நாலு கோணக்கம்பிக் கால்கள் வைத்தார்கள். பெட்டிக்கும் தாங்கிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. கடற்காற்றின் உப்பு ஈரம் அங்கே தங்கினால் ஒரு மாரிக்குள் துரு தின்றுவிடும், காற்று போய்வர வேண்டும். ஆவி போகும் குழாயைப் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். அடிமூலையில், தங்கும் தண்ணீரை வடிக்க ஒரு சின்னக் குழாய்.

மஃரிபுக்குப் பிறகு தாங்கியைத் தண்ணீரால் நிரப்பி மூடியை இறுக்கினார்கள். கீழே காய்ந்த சீமெந்துத் தரையைக் கூட்டி, மூட்டுகளுக்கு நேரே பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து வைத்தார்கள். சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர் தொப்பியைக் கழற்றாமலே குனிந்து ஒவ்வொரு தாளையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கடைசித் தாளும் காய்ந்தே இருந்தது.