கேஷும் காசும்

பெரம்பலூர் கடைத்தெருவில் இப்போதெல்லாம் முதல் கேள்வியே "கேஷா, ஜிபேயா?"தான். அந்தக் கேஷ் "நம்ம காசுலேர்ந்து போன வார்த்தை" என்று ஒரு பதிவும் அடிக்கடி என் போனுக்கு வந்துவிடுகிறது. அதில் பாதிதான் சரி.

கடையில் நாம் நீட்டும் கேஷ், பிறப்பால் ஒரு பெட்டி. லத்தீனில் காப்ஸா. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்குப் பணப்பெட்டி என்றுதான் பொருள், நம்ம ஊர் கல்லா மாதிரி. பிறகு பெட்டியின் பேர் உள்ளே இருந்த பணத்துக்கு ஏறிவிட்டது. தமிழ் வாத்தியாரிடம் கேட்டால் ஆகுபெயர் என்பார்.

ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் உண்டு. அதுதான் நம்முடையது. காசு போர்த்துகீசியர் வாயில் காய்ஷா ஆனது. அவர்களுக்குப் பெட்டியும் காய்ஷாதான். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அவர்களிடமிருந்து எடுத்த ஆங்கிலேயர், கிழக்கே எந்தச் சில்லறையைக் கண்டாலும் கேஷ் என்றார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசுக்கும் அதே பேர்! (ஆண்டிமடம், செந்துறை பக்கம் விளையும் முந்திரிக்கு ஆங்கிலத்தில் கேஷ்யூ. அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது பிரேசிலின் டூப்பி மொழிச் சொல்.)

பெருமைப்படுகிறவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு என்றால் பொன். கோயில் முதலாகக் கொடுத்த ஒரு காசுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு. ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. கம்பெனிக்காரன் மெட்ராஸில் கணக்கெழுதிய காலத்திலோ 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனில் 3360இல் ஒரு பங்கு. பொன்னாக இருந்தது கடைசிச் செப்புச் சில்லறையாகி, அந்த நிலையில்தான் ஆங்கில அகராதிக்குள் போயிருக்கிறது.

அந்தச் செம்பையும் கம்பெனி பர்மிங்காமில் அடித்து அனுப்பியது. 20 காசு நாணயத்தில் பாரசீக எழுத்து, கீழே ஆங்கிலத்தில் கேஷ், தமிழ் இல்லை. 1809 ஜனவரியில் இந்தக் காசுகளை ஏற்றி வந்த அட்மிரல் கார்டனர் கப்பல், இங்கிலாந்தின் கெண்ட் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1818இல் மெட்ராஸ் ரூபாய்க்கு மாறிவிட்டது. கடலுக்குள் கிடந்தவற்றை 1980களில் அள்ளியெடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கல்லா எதையும் பார்க்காத அந்தக் காசுகள் இன்று அங்கே பவுண்டுக்கு விற்கின்றன.